காட்டுத்தீ அபாயம்: எதைக் கணக்கிடுகிறோம், எதைக் குறைக்க முடியும்?

ஒவ்வொரு வருடமும் மாசி, பங்குனியில் கொடைக்கானல், குன்னூர், தேனி மலைகளில் தீ எரியும் படங்கள் செல்போனுக்கு வந்துவிடுகின்றன. கூடவே விளக்கங்களும் வருகின்றன. மூங்கில் உரசிப் பற்றிக்கொண்டது என்கிறார் ஒருவர். வெயில் தாங்காமல் காடு தானாக எரிகிறது என்கிறார் இன்னொருவர். ஹெலிகாப்டர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மூன்றாமவர். "இந்தப் பகுதியில் காட்டுத்தீ அபாயம் அதிகம்" என்ற வரியைச் செய்தியில் படிக்கும்போது, அது எதைச் சொல்கிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வெயிலா, தீயின் அளவா, எரிந்த ஏக்கர் கணக்கா, ஆட்களுக்கு வரும் ஆபத்தா? இவை நான்கும் வேறு வேறு. நான்கையும் ஒன்றாகக் குழப்புவதால்தான், தடுக்கக்கூடிய சாவுகளைக்கூடத் தடுக்க முடியாமல் போகிறது.

தீபாவளி ராக்கெட்டும் கூரை வீடும்

தெருவில் ஒரு பையன் ராக்கெட் விடுகிறான். அது எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கே தெரியாது. காங்கிரீட் மாடியில் விழுந்தால் கொஞ்சம் கரி படியும், அவ்வளவுதான். ஓலைக் கூரையில் விழுந்தால் வீடே போய்விடும். அதே ஓலைக் கூரை முந்தைய நாள் மழையில் நனைந்திருந்தால் பிழைத்துக்கொள்ளும். கூரைக்குக் கீழே நடக்க முடியாத ஒரு பாட்டி படுத்திருந்தால், விஷயம் வேறு மாதிரி ஆகிவிடும்.

இந்தச் சின்ன காட்சிக்குள் காட்டுத்தீ மதிப்பீட்டின் மூன்று பகுதிகளும் இருக்கின்றன. ராக்கெட் நம் பக்கம் வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு வேகத்தோடு வரும் என்பது முதல் பகுதி. இதை இடர் என்போம். அது விழும் தூரத்துக்குள் என்னென்ன, யார் யார் இருக்கிறார்கள் என்பது இரண்டாவது. அதைச் சிக்கும் நிலை என்போம். விழுந்தால் தாங்குமா, பற்றிக்கொள்ளுமா, உள்ளே இருப்பவர் ஓட முடியுமா என்பது மூன்றாவது. இது பலவீனம். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வருவதே அபாயம்.

கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். மூன்றில் ஒன்று பூஜ்யம் ஆனாலும் மொத்தமும் பூஜ்யம். ராக்கெட் விடும் பையனைத் தடுக்க முடியாமல் போகலாம். கூரையை மாற்றலாம், பாட்டியை அன்று ராத்திரி பக்கத்து வீட்டில் தங்க வைக்கலாம்.

தீ எங்கிருந்து வருகிறது?

முதலில் மூங்கில் கதையை முடித்துவிடுவோம். நம் காடுகளில் பற்றும் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர்களால் வருவது. மலையடிவாரத் தோட்டத்தில் கழிவுகளை எரிக்கும்போது காற்று இழுத்துப் போவது, புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சலுக்காக வைப்பது, காட்டில் பொருள் சேகரிக்கத் தரையைச் சுத்தமாக்க வைப்பது, அணைக்காமல் விட்டுப்போன அடுப்பு, பீடித் துண்டு, அறுந்து விழும் மின்கம்பி என்று பட்டியல் நீளும். மின்னலும் தீ மூட்டும்தான். ஆனால் நம் பக்கத்தில் மின்னல் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருவதால், வறண்ட மாசி மாதத் தீக்கு அதைக் காரணம் சொல்ல முடிவதில்லை.

இது கெட்ட செய்தி போலத் தெரியலாம். எனக்கு இது நல்ல செய்தி. மூங்கிலோடு யாரும் பேச முடியாது. மனிதர்களோடு பேச முடியும்.

பற்றிய தீ எப்படி நடந்துகொள்ளும்?

தீ பற்றிய பிறகு அதன் குணத்தை முடிவு செய்பவை மூன்று: எரிபொருள், வானிலை, நிலத்தின் சரிவு.

எரிபொருள் என்றால் இங்கே பெட்ரோல் இல்லை. காட்டில் எரியக்கூடிய எல்லாம். காய்ந்த புல், சருகு, சுள்ளி, விழுந்த கட்டை, புதர், மரத்தின் இலை. இதில் பெரிய மரங்களைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது மெல்லிய பொருளைப் பார்த்துதான். பென்சிலைவிட மெல்லியதாக இருக்கும் புல்லும் சுள்ளியும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே மாறிவிடும். அதனால் தீயியலில் இதற்கு ஒரு மணி நேர எரிபொருள் என்றே பெயர். பெருவிரல் பருமனுள்ள குச்சிக்குப் பத்து மணி நேரக் கணக்கு, கைப்பருமன் கட்டைக்கு நூறு மணி நேரக் கணக்கு.

இதன் அர்த்தம் என்ன? காலை ஏழு மணிக்குப் பனியில் நனைந்து, தீக்குச்சி வைத்தாலும் பிடிக்காத புல்வெளி, மதியம் பன்னிரண்டுக்குள் வெடிமருந்து மாதிரி ஆகிவிடும். "நேற்றுதானே தூறல் விழுந்தது, இன்று எரியாது" என்று புல் மலையில் நம்பவே கூடாது. நீலகிரியில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. மார்கழி, தையில் விழும் உறைபனி புல்லைக் கருக்கிவிடுகிறது. கோடை வருவதற்கு முன்பே எரிபொருள் தயாராகிவிடுகிறது.

வானிலையில் வெப்பத்தைவிட முக்கியமானவை காற்றின் வேகமும் காற்றிலுள்ள ஈரமும். அக்கினி நட்சத்திரத்தில் தெருவில் தார் உருகினாலும், ஒரு கோடை மழை பெய்து காற்றில் ஈரம் ஏறியிருந்தால் தீ சோர்ந்துவிடும். பிப்ரவரியில் வெயில் சுமாராக இருந்தாலும், ஈரம் வற்றிய காற்று வீசினால் தீ ஓடும்.

மூன்றாவது சரிவு. சமவெளியில் எரியும் தீயின் சுடர் மேல்நோக்கிப் போய்விடுகிறது. மலைச்சரிவில் அதே சுடர் மேலே இருக்கும் புல்லை நோக்கிச் சாய்கிறது. சூடான காற்றும் அந்தப் பக்கமே ஏறுகிறது. மேலே உள்ள புல் தீ வந்து தொடுவதற்கு முன்பே காய்ந்து தயாராகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் உருவான ஒரு கணக்கு உண்டு: சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும், தீ மேலேறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்படியானால் 30 டிகிரி சரிவில் சமவெளியைப் போல எட்டு மடங்கு வேகம். மனிதன் மேடு ஏறும்போது வேகம் குறைகிறது, தீக்குக் கூடுகிறது.

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கொழுக்குமலைப் பக்கம் மலையேறப் போனவர்களைக் காய்ந்த புல் மூடிய சரிவில் தீ வளைத்துக்கொண்டது. இறந்தவர்கள் 23 பேர். வானுயரக் காடு பற்றி எரிந்த தீ இல்லை அது. புல் தீ. ஒரு புல் பரப்பு எரிந்து முடிய அதிக நேரம் ஆகாது; அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஓடித் தப்ப முடியாத இடத்தில் ஆட்கள் இருந்தார்கள். எரிந்த ஏக்கரை வைத்து அளந்தால் அது சின்னத் தீ. அபாயத்தை ஏக்கரால் அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று தமிழ்நாட்டில் இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மெல்லிய காய்ந்த எரிபொருளும், ஈரமில்லாத காற்றும், செங்குத்தான சரிவும் சேர்ந்தால் இடர் கூடும். அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களால் என்ன செய்ய முடியும் என்பதைச் சேர்த்தால்தான் அது அபாயம் ஆகும்.

வரைபடத்தில் உள்ள சிவப்பு

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீயைக் கவனித்து எச்சரிக்கை அனுப்பிவருகிறது. நாட்டின் காடுகளில் 36 சதவீதத்துக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கக்கூடியவை என்பது அதன் மதிப்பீடு. இந்த மதிப்பீடுகள் எப்படி வருகின்றன? பழைய தீக்களின் பதிவு, காட்டின் வகை, சரிவு, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, சாலையும் ஊரும் எவ்வளவு தூரம், வானிலை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி வரைபடமாகப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறார்கள். எல்லாம் சேர்ந்து மோசமாக இருக்கும் இடம் சிவப்பாகத் தெரியும்.

இந்த வரைபடத்தை வாசிக்கும்போது இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். செயற்கைக்கோள் ஒரு தீப்புள்ளி காட்டினால், அந்த இடத்தில் துல்லியமாகத் தீ என்று பொருள் இல்லை. இப்போது பயன்படும் நல்ல கருவியிலேயே ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். தீ அதற்குள் எங்கோ இருக்கிறது. செயற்கைக்கோள் ஒரே இடத்தை நாளில் சில முறைதான் கடக்கிறது. நடுவில் பற்றி ஒரு மணி நேரத்தில் அணைந்த புல் தீ அதன் கண்ணில் படாமலே போகலாம்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பெரும்பாலான சிவப்பு வரைபடங்கள் இடரைத்தான் காட்டுகின்றன, அபாயத்தைக் காட்டுவதில்லை. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் உள்ள இலையுதிர் காடுகளில் சில பகுதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிகின்றன. தரையோடு சருகு எரியும் தீ அது. தடித்த பட்டையுள்ள பெரிய மரங்கள் பெரும்பாலும் பிழைத்துவிடும். பக்கத்தில் ஊர் இல்லை என்றால் அங்கே இடர் அதிகம், மனிதருக்கான அபாயம் குறைவு. மறுபக்கம், பல வருடமாக எரியாத சீகை (வாட்டில்) மரக் காட்டு விளிம்பில் எஸ்டேட் லைன் வீடுகள் வரிசையாக நிற்கும், போக ஒரே ஒரு வழி இருக்கும். வரைபடத்தில் அந்த இடம் மஞ்சளாகக்கூட இருக்கலாம். என்னைக் கேட்டால், முதலில் ஆள் அனுப்ப வேண்டியது அங்கேதான்.

வீடு எப்படி எரிகிறது?

நெருப்பு சுவர்போல எழுந்து வந்து ஊரை விழுங்கும் என்று நாம் கற்பனை செய்கிறோம். நிஜத்தில் பெரும்பாலும் ராக்கெட் வேலைதான் நடக்கிறது. எரியும் சருகும் பட்டைத் துண்டும் காற்றில் ஏறி, தீ முனைக்கு வெகுதூரம் முன்னால் போய் விழுகின்றன. இவற்றைப் பறக்கும் கங்குகள் என்போம்.

கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற மலையூரில் 2018 நவம்பர் 8 அன்று மின்கம்பியால் பற்றிய தீ புகுந்தது. பலத்த காற்று. ஒரே நாளில் ஊரின் பெரும்பகுதி போயிற்று. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள்; 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பிறகு எடுத்த படங்களில், சாம்பலாகிப்போன வீட்டுக்குப் பக்கத்திலேயே இலை பச்சையாக மரங்கள் நின்றன. காடு வந்து வீட்டை எரித்திருந்தால் மரமும் எரிந்திருக்க வேண்டும். கங்கு விழுந்து ஒரு வீடு எரிந்தது. அந்த வீட்டின் வெப்பமும் கங்கும் அடுத்த வீட்டை எரித்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். வெளியேறும் சாலைகள் கொஞ்சம்தான். அவையும் வாகனங்களால் அடைத்துக்கொண்டன. கணக்கின் மூன்றாவது பகுதியான பலவீனம் என்பது இதுதான்.

அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் ஜாக் கோஹன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கனடாவில் 1990களின் இறுதியில் அவர் பங்கேற்ற ஒரு பெரிய சோதனை நடந்தது. உயரமான மரங்களின் உச்சி வரை எரியும் தீக்கு முன்னால் 10, 20, 30 மீட்டர் தூரங்களில் மரச் சுவர்களை நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். 30 மீட்டரில் நின்ற சுவர் பற்றவில்லை. அவ்வளவு பெரிய தீயின் நேரடி வெப்பமே அந்தத் தூரத்தைத் தாண்டி ஒரு சுவரைப் பற்றவைக்கவில்லை. ஆகவே வீடு பிழைக்குமா என்பதை, வீடும் அதைச் சுற்றியுள்ள சுமார் 30 மீட்டரும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. அதற்குள்ளும் சுவரை ஒட்டிய முதல் ஐந்து அடி மிக முக்கியம்.

நம் மலையூர் வீட்டுக்கு இதை எடுத்துவந்து பார்ப்போம். ஓட்டுக் கூரையின் இடுக்கில் சேர்ந்த சருகு. மழைநீர்த் தகரத்தில் அடைத்த இலை. சுவரில் சாய்த்து அடுக்கிய விறகு. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய வைக்கோல் போர். வாசலுக்கு மேலே கட்டிய தார்ப்பாய். ஒரு கங்குக்கு இவற்றில் ஏதாவது ஒன்று போதும். விறகையும் வைக்கோலையும் வீட்டைவிட்டுத் தள்ளி வைப்பது, மாசி பிறக்கும் முன் கூரைச் சருகைத் தள்ளிவிடுவது, சுவரோரம் மண் தெரியும்படி பெருக்கி வைப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. எந்த ஹெலிகாப்டராலும் இந்த வேலையைச் செய்ய முடியாது.

காட்டில் செய்ய வேண்டியது

வனத்துறை செய்யும் வழக்கமான வேலை தீத்தடுப்புக் கோடு போடுவது. காட்டின் எல்லையிலும் சாலையின் இருபக்கமும் ஒரு பட்டையாகப் புல்லையும் சருகையும் வெட்டி, பனிக்காலம் முடியும் முன்பே பாதுகாப்பாக எரித்துவிடுவார்கள். தரையோடு வரும் தீ அங்கே வந்ததும் தின்ன எதுவும் இல்லாமல் நின்றுவிடும். பழங்குடி ஊர்களிலிருந்து ஆட்களைத் தீத்தடுப்புக் காவலர்களாகக் கோடைக்கு மட்டும் சேர்ப்பதும் உண்டு. பச்சைக் கிளையால் அடித்தும், இலை ஊதும் கருவியால் சருகைத் தள்ளியும், தீயின் ஓரத்திலேயே நின்று அணைப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு நல்ல காலணியும், குடிநீரும், காப்பீடும் கிடைக்கிறதா என்று ஊடகங்களில் ஒருவராவது கேட்க வேண்டும்.

2024 மார்ச்சில் குன்னூர் அருகே தீ பல நாள் எரிந்தபோது, விமானப்படை ஹெலிகாப்டர் பெரிய வாளியில் நீர் அள்ளிக் கொட்டியது. அது பயனுள்ள உதவிதான். வானிலிருந்து கொட்டும் நீர் தீயின் வேகத்தைத் தணிக்கும். ஆனால் அதன் பின்னால் தரையில் ஆட்கள் போய்க் கோடு வெட்டி, புகையும் கட்டைகளைப் பிரித்து அணைத்தால்தான் தீ முடியும்.

அப்புறம், எல்லாத் தீயையும் உடனே அணைப்பதே நல்லது என்ற எண்ணம். இதைத்தான் அமெரிக்கா செய்து பார்த்தது. எந்தத் தீயும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைக்கப்பட வேண்டும் என்று அந்நாட்டு வனத்துறை 1935இல் விதி வைத்தது. பல பத்தாண்டுகள் சின்னத் தீயை எல்லாம் அணைத்ததில், அவை தின்றிருக்க வேண்டிய சருகும் புதரும் குவிந்தன. பிறகு வந்த தீக்கள் மரத்தின் உச்சி வரை ஏறின. 1970களில் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. சத்தியமங்கலத்தை அடுத்து, கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் பழங்குடிகளான சோளகர்கள், கோடை முற்றும் முன்பே தரைச் சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைக்கும் வழக்கம் கொண்டிருந்தார்கள். 1974இல் அது சரணாலயமான பிறகு தீ வைப்பது தடுக்கப்பட்டது. பிறகு உண்ணிச்செடி (லண்டானா) என்ற புதர் காட்டை அடைத்துக்கொண்டது. தாங்கள் தீ வைத்த காலத்தில் அதன் கன்றுகள் கருகிப்போகும், அதனால் பரவவில்லை என்று சோளகப் பெரியவர்கள் சொல்வதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது அந்தப் புதர் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. தரைத் தீ அதன்மேல் ஏறி மரக்கிளையை எட்டிவிடும். இப்படித் தரையையும் உச்சியையும் இணைக்கும் புதருக்கு ஏணி எரிபொருள் என்று பெயர். ஏணி வந்துவிட்ட பிறகு பழைய மாதிரித் தீ வைப்பது ஆபத்து. வளர்ந்த உண்ணிச்செடி வெட்டினாலும் எரித்தாலும் மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்கிய பின்புதான் அடுத்த பேச்சு. எனவே, தீயை முழுவதும் விலக்குவதும் தவறு, யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதும் தவறு. எந்தக் காடு, எந்த மாதம், எந்த நேரம், யார் கையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மலை மடிப்புகளில் எப்போதும் பச்சையாக நிற்கும் சோலைக்காட்டுக்கு எந்தத் தீயும் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சுருக்கமாக: காட்டில் எரிபொருளைக் குறைத்தால் இடர் குறையும், வீட்டைச் சுற்றிச் சுத்தம் செய்தால் பலவீனம் குறையும். மூன்றில் மிச்சம் இருப்பது, சிக்கும் நிலை.

ஆட்களை வழியிலிருந்து விலக்குவது

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. தீக்காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றப் பாதைகளை மூடிவைக்கிறார்கள். சிலருக்கு இது கெடுபிடியாகத் தெரிகிறது. கணக்கின்படி இது மிகச் சரியான முடிவு. மலையை நனைக்க முடியாது, சரிவைச் சமன் செய்ய முடியாது; ஆட்கள் அங்கே இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

மலையிலேயே வாழ்பவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களுக்கு வேண்டியது இரண்டாவது வழித்தடம், முன்கூட்டிய எச்சரிக்கை, நடக்க முடியாதவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல், தீ சூழ்ந்தால் எல்லோரும் ஒன்றுசேர ஒரு பொட்டல் இடம். உழுத நிலமோ பள்ளி மைதானமோ அதற்கு உதவும்.

இதில் எல்லோரும் விட்டுவிடும் ஓர் இடம் உண்டு. வனத்துறையின் கோடு வன எல்லையோடு முடிகிறது. ஊருக்கும் காட்டுக்கும் நடுவில் இருப்பது பட்டா நிலமும் வருவாய்த்துறை நிலமும். விவசாயம் செய்யாமல் புதர் மண்டிக் கிடக்கும் பட்டா நிலத்தில் பற்றும் தீ, ஒரு பக்கம் காட்டுக்கும் மறுபக்கம் வீடுகளுக்கும் போகிறது. அது யார் பொறுப்பு என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது. நில உரிமையாளர், ஊராட்சி, வனத்துறை மூன்று பேரும் மார்கழியிலேயே ஒன்றாக உட்கார்ந்து, எந்தப் பட்டையை யார் வெட்டுவது என்று முடிவு செய்வதே இதற்கு வழி.

புகையைப் பார்த்தால்

மலையில் நீங்கள் புகையைப் பார்த்தால் 101 அல்லது 112க்குச் சொல்லுங்கள். எந்த மலை என்பதோடு, தீ சரிவின் அடியில் இருக்கிறதா உச்சியிலா, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, தீக்கு மேலே வீடோ பாதையோ ஆட்களோ இருக்கிறார்களா என்றும் சொல்லுங்கள். வருகிறவர்கள் எங்கே முதலில் போக வேண்டும் என்பதை அது முடிவு செய்யும். நீங்களே தீக்கு மேலே சிக்கியிருந்தால் உச்சியை நோக்கி ஓடாதீர்கள், பக்கவாட்டில் விலகுங்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்காதீர்கள், அங்கே தீ புகைபோக்கியில் ஏறுவது போல ஏறும். ஏற்கெனவே எரிந்து கறுத்துப்போன தரையோ, புல்லில்லாத பாறையோ எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே போய்விடுங்கள்.